மலைப் பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஸ்டியரிங்குக்கும் ஸ்டபிலைசர் பாருக்கும் செலவு செய்ய முன்

வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் கதவு திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் மதிப்பு நாம் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. கொட்டிலில் தூசு படிந்து கிடந்த மொரிஸ் மைனர்களும், தோட்டத் துரைமார் விட்டுச் சென்ற எம்.ஜி. கார்களும் வெளியே வந்தன. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் பழைய காரைத் திருத்தி ஓடும் ஆர்வம் குறையவில்லை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் எமது வர்த்தகர்கள் சிலரிடமும் இவ்வாறான கார்கள் உள்ளன. அவற்றுக்கு உதிரிப்பாகம் விற்போரும், கராஜ் நடத்துவோரும் எம்மவர்களில் உண்டு.

இக்கார்களை வாங்கியவர்கள் பெயின்ட் வேலை முடிந்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வளைவில் கார் ஒரு பக்கம் சாய்கிறது, ஸ்டியரிங் மந்தமாக இருக்கிறது, என்ன பூட்டலாம்?" கடைக்காரர் தடித்த ஸ்டபிலைசர் பார் ஒன்றைக் காட்டுவார். கராஜ் பாஸ் ஜப்பான் காரில் கழற்றிய பவர் ஸ்டியரிங்கைச் சொல்வார். பணம் செலவாகும். கார் முன்னரை விட ஆபத்தாகவும் மாறக்கூடும். ஆகவே எதை வாங்குவது, எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஊவாவின் வீதியும் இக்கார்களும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டியது. அங்கிருந்து பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் ஒரே பயணத்தில் 1,200 மீற்றர் வரை கீழே வந்து விடுகிறோம். கொழும்பில் காலி வீதியில் ஓடும் காருக்கு ஸ்டியரிங் தளர்வு ஓர் அசௌகரியம் மாத்திரமே. எமது வீதிகளில் அது உயிர்ப் பிரச்சினை. பசறை–லுணுகலை வீதியின் 13ஆம் கட்டைப் பகுதியில் 2021 மார்ச் 20ஆம் திகதி பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் பறிபோனதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். இவற்றின் காரணங்களை ஆராய்வது எமது நோக்கமல்ல. கட்டுப்பாட்டை இழந்த வாகனத்துக்கு மலையில் இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பதை நினைவூட்டவே குறிப்பிடுகிறோம்.

இக்கார்கள் மலைக்குப் புதியவை அல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 முதல் நடைபெற்று வந்திருக்கிறது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களோடு வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டு வெளியேறிய காலத்தில் அவர்களது கார்கள் பலவும் உள்ளூர்க் கைகளுக்கு மாறின.

மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்காருக்கு ஆரம்பத்திலிருந்தே ரெக் அன்ட் பினியன் ஸ்டியரிங் கொடுக்கப்பட்டது. பத்து வருடத்தின் பின் 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் ஸ்போர்ட்ஸ் கார் அந்த மைனரின் ரெக்கையே எடுத்துக் கொண்டது. 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டும் ஸ்ப்ரைட்டின் உடன்பிறப்புத்தான். எனவே ஸ்டியரிங் விடயத்தில் சாதாரண மைனருக்கும் சிறிய எம்.ஜி. காருக்கும் பெரிய தூரம் இல்லை. ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

முதலில் தேய்மானம், பிறகே மேம்பாடு

இக்கார்களின் ஸ்டியரிங் புதிதாக இருந்த நாளில் மந்தமாக இருக்கவில்லை. மைனரின் ஸ்டியரிங் வீல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்ப இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமே எடுக்கும். இன்றைய பல கார்களை விட இது விரைவானது. ஆகவே இன்று ஒரு மைனரோ மிட்ஜெட்டோ மந்தமாகத் தெரிந்தால், அதற்குக் காரணம் வடிவமைப்பு அல்ல. அறுபது வருடத் தேய்மானமே காரணம். அதை மாற்றாமல் மேலே எதைப் பூட்டினாலும் அது புண்ணின் மேல் போட்ட புதுச்சட்டை போன்றதுதான்.

மைனரில் மிகக் கவனிக்க வேண்டிய பாகம் முன் சில்லின் கிங் பின்னும், அது திருகி நிற்கும் ட்ரனியனும். கிங் பின்னின் மேல் முனையும் கீழ் முனையும் திருகு வெட்டப்பட்டவை. அவை ட்ரனியன்களுக்குள் சுழல்கின்றன. காரின் பாரம் டோர்ஷன் பார் ஊடாகக் கீழ்க் கைக்கு வந்து, கீழ் ட்ரனியன் வழியாகவே சில்லுக்குச் செல்கிறது. ஒழுங்காக கிரீஸ் அடிக்காவிட்டால் திருகுப் பல் தேய்ந்து, ஒரு நாள் பின் கழன்று விடும். அப்போது சில்லு உள்ளே மடிந்து கார் தரையில் அமரும். கொட்டிலுக்குள் திருப்பும் போது நடந்தால் மட்கார்டு நசுங்குவதோடு முடியும். ஹாலி-எல இறக்கத்தில் நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ட்ரையம்ப் ஹெரல்ட், ஸ்பிட்பயர் கார்களிலும் ட்ரனியன் உண்டு. அவற்றுக்கு கிரீஸ் அல்ல, கியர் எண்ணெயே விட வேண்டும். கிரீஸ் அடித்தே அவற்றைப் பழுதாக்கிய கராஜ்கள் அநேகம்.

இரண்டாவது ரெக். அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் ஒழுகி, மழைத் தண்ணீரும் மண்ணும் சேரும். ரெக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும், நேராக ஓடும் போது அப்பகுதியே வேலை செய்வதால். இந்த நடுத்தளர்வைப் போக்க இறுக்கமாகச் சரிசெய்தால், முழுதாகத் திருப்பும் போது ரெக் இறுகிப் பிடிக்கும். வளைவில் அது மிக ஆபத்தானது. தேய்ந்த ரெக்கை மாற்றுவதே ஒழுங்கு.

வீட்டிலேயே பார்க்கக் கூடிய பரிசோதனை

முன் சில்லின் கீழ்க் கைக்கு அடியில் ஜக் வைத்துத் தூக்குங்கள். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங் தேய்ந்துள்ளது. பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின்னும் ட்ரனியனும்தான். பின்னர் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அங்கு ஆட்டம் தெரிந்தால் டை ரொட் எண்ட் அல்லது ரெக்.

கடைசியாகக் காரைத் தரையில் விட்டு, சில்லு அசையாமல் ஸ்டியரிங் வீல் எவ்வளவு ஆடுகிறது என்று அளவுகோலால் பாருங்கள். பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில் 380 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டியரிங் வீலுக்கு ரெக் வகையில் 13 மில்லிமீற்றர் அளவே பொதுவான எல்லை. பழைய பெட்டி வகை ஸ்டியரிங்குக்கு 75 மில்லிமீற்றர். எனவே "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்ற பேச்சு ரெக் உள்ள காருக்குப் பொருந்தாது. ஒரு பெருவிரல் அகலத்துக்கும் குறைவான ஆட்டம்தான் அங்கு அனுமதி.

ஸ்டியரிங்கில் எதை மாற்றலாம்?

சந்தையில் மூன்று வகை "மேம்பாடு" பேசப்படுகின்றன.

முதலாவது, சிறிய ஸ்டியரிங் வீல். பார்வைக்கு அழகு, விலையும் குறைவு. ஆனால் 17 அங்குல வீலைக் கழற்றி 14 அங்குல வீலைப் பூட்டினால் திருப்புவதற்கு 21 வீதம் அதிக பலம் கொடுக்க வேண்டும். ரேடியல் டயரும் சேர்ந்தால் பதுளை பஸார் நெரிசலில் காரை நிறுத்தி எடுப்பதே உடற்பயிற்சியாகி விடும். 15 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, விரைவு ரெக். போட்டிக்கு ஓடுபவருக்கு இது தேவைப்படலாம். வீதியில் ஓடுபவருக்குத் தேவையில்லை. இன்னொரு விடயம், ரெக் பொருந்தும் உயரத்தை மாற்றினால் சில்லு குழியில் ஏறி இறங்கும் போது தானாகவே திசை மாறத் தொடங்கும். எமது தோட்ட வீதிகளின் நிலையில் இது பெரும் கேடு. ரெக் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சார பவர் ஸ்டியரிங். வயதானவர்களுக்கு இது உண்மையில் உதவும். ஆனால் கணக்குப் பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ கொடுப்பது 22 அம்பியர் அளவே. பவர் ஸ்டியரிங் மோட்டார் முழுதாகத் திருப்பும் நேரத்தில் அதையும் மிஞ்சி இழுக்கும். எனவே ஒல்டர்னேட்டரும் பூட்ட வேண்டும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் எர்த் பொசிட்டிவ் முனையில் உள்ளது, அதையும் மாற்ற வேண்டும். ஒரு பாகத்துக்கு என்று தொடங்கிய செலவு மூன்று வேலையாகும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஸ்டியரிங் தண்டை வெட்டி வெல்டிங் அடித்து இணைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். அந்தக் காருக்கென்றே தயாரிக்கப்பட்ட தொகுதி கிடைத்தால் வாங்குங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள்.

இம்மூன்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒரு சரியான வீல் எலைன்மென்ட். அதன் செலவு சொற்பம். கைமேல் பலன் தெரியும்.

ஸ்டபிலைசர் பார் என்ன செய்கிறது?

அன்டி ரோல் பார் என்று ஆங்கிலப் புத்தகங்களில் சொல்வதையே நாம் ஸ்டபிலைசர் பார் என்கிறோம். காரின் இடது சில்லையும் வலது சில்லையும் குறுக்கே இணைக்கும் வளைந்த இரும்புக் கம்பி அது. இரு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது வெறுமனே சுழலும். வளைவில் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயரும் போது கம்பி முறுக்கப்பட்டு, அந்தச் சாய்வை எதிர்க்கும்.

மைனருக்கு இதைத் தொழிற்சாலையில் பூட்டவில்லை. ஸ்பிட்பயருக்கு முன்பக்கம் பூட்டியே விற்றார்கள். 1962இல் வந்த எம்.ஜி.பி. காருக்கு ஆரம்பத்தில் விரும்பினால் பெறும் பாகமாகவே அது இருந்தது. ஆகவே இல்லாத காருக்கு முன்பக்க பார் ஒன்றைப் பூட்டுவது தவறல்ல. ஹப்புத்தளை வளைவுகளில் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் சாய்வு குறைந்தால் பிடிப்புக் கூடியது என்று எண்ணக் கூடாது. வளைவில் உள்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் பாரம் மாறுவது காரின் உயரம், அகலம், வேகம் ஆகியவற்றால் தீர்மானிக்கப்படுவது. பார் அதை இல்லாமல் செய்வதில்லை. அந்தப் பாரத்தை முன் சில்லுகளும் பின் சில்லுகளும் எப்படிப் பகிர்வது என்பதையே மாற்றுகிறது. முன்பக்கம் தடித்த பார் போட்டால் முன் சில்லு முதலில் வழுக்கும். கார் வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் அநேகமாகத் திரும்பி விடும். பின்பக்கம் தடித்த பார் போட்டால் பின் சில்லு முதலில் வழுக்கும், கார் பம்பரம் போல் சுழலும். போட்டித் தடத்தில் பழகியவர் அதை அடக்குவார். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த பெரகலைச் சந்தியில் குடும்பத்தோடு போகும் ஒருவரால் முடியாது. ஆகையால் எமது வீதிக்கு முன்பக்க பார் போதும். பின்பக்க பார் வேண்டாம்.

ஒரு சின்ன அளவு, பெரிய வித்தியாசம்

கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. கடையில் நின்று கண்ணால் பார்த்தால் இது விளங்காது. 9/16 அங்குலக் கம்பிக்குப் பதிலாக 5/8 அங்குலம் எடுத்தால் வித்தியாசம் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குதான். விறைப்போ ஒன்றரை மடங்கு. 3/4 அங்குலம் எடுத்தால் மூன்று மடங்குக்கும் மேல். "தடித்தது நல்லது, விலையும் கொஞ்சம்தான் கூட" என்று விற்பவர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறார்.

அளவுக்கு மீறிய பாரின் தீமை தோட்ட வீதியில்தான் தெரியும். ஒரு சில்லு குழியில் விழுந்தால் அதன் அடி மறு சில்லுக்கும் போகும். கார் இடமும் வலமும் தலையாட்டும். ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கப்படும், மண்ணில் பிடிப்பு இல்லாமற் போகும். லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு மெல்லிய பாரே உகந்தது. மைனர், மிட்ஜெட் போன்ற பாரம் குறைந்த கார்களுக்கு 9/16 முதல் 5/8 அங்குலம் வரை வீதிக்குப் போதும்.

பார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பூட்டப்படும் இடம் துருப்பிடித்திருந்தால் பயனில்லை. முறுக்கு விசை முழுதும் அந்த நான்கு போல்ட்டுகளில்தான் விழுகிறது. பெயின்ட்டுக்கு அடியில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். புஷ் விடயத்தில், ரப்பர் மென்மையானது, சத்தம் தராது. பொலியூரிதேன் நீடித்து உழைக்கும், எண்ணெய் பட்டாலும் கெடாது, ஆனால் உரிய கிரீஸ் போடாவிட்டால் கிறீச்சிடும். ஷொக் எப்சோபர் எண்ணெய் வற்றியிருந்தால் அதையே முதலில் சரிசெய்ய வேண்டும். மைனரின் முன் ஷொக் வெறும் ஷொக் அல்ல, அதன் கைதான் சில்லைத் தாங்கும் மேல்கையும் ஆகும்.

இதே பாடம் எமது சாமான் வேன்களுக்கும் உரியது. லிங்க் உடைந்ததும் "தேவையில்லை" என்று ஸ்டபிலைசரைக் கழற்றி வீசிவிட்டு, கூரை வரை மூட்டை ஏற்றி ஓடுகிறோம். உயரமாகப் பாரம் ஏற்றும் வேனுக்கு அது ஸ்போர்ட்ஸ் காரை விட அவசியம். லிங்க்கின் விலை ஒரு மூட்டைச் சீனியின் இலாபத்துக்கு மேல் போனாலும் அதைப் பூட்டி விடுங்கள்.

செலவின் ஒழுங்கு

பணத்தை இந்த வரிசையில் செலவிடுவது புத்திசாலித்தனம்:

1. கிங் பின், ட்ரனியன், டை ரொட் எண்ட், புஷ்
2. ரெக்கும் அதன் ரப்பர் உறையும்
3. ஷொக் எப்சோபரும் நல்ல டயரும்
4. வீல் எலைன்மென்ட்
5. முன்பக்க ஸ்டபிலைசர் பார்
6. மிகத் தேவையென்றால் மாத்திரம் பவர் ஸ்டியரிங்

முதல் நான்கையும் செய்தவர்களில் பலர் ஐந்தாவதைத் தேட மாட்டார்கள். கார் ஏற்கனவே சரியாகியிருக்கும்.

இங்கிலாந்திலிருந்து பாகம் எடுப்போர் டொலரையும் பவுண்ஸையும் கவனிக்க வேண்டும். 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. முன்பணம் வாங்காமல் விலை சொன்னவர்கள் அன்று நட்டப்பட்டார்கள். ஸ்டபிலைசர் பார் பாரமான பொருள், விமானக் கட்டணம் பாகத்தின் விலையை எட்டி விடலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாகக் கப்பலில் எடுப்பது இலாபம். புஷ், ரப்பர் உறை போன்ற சிறு பாகங்களைக் கடையில் இருப்பு வைக்கலாம். பாரை ஓடருக்கு மட்டும் எடுப்பதே நல்லது. பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுத் தேடிய பிறகே வெளிநாட்டுக்கு எழுதுங்கள். மொரிஸ் மைனர் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த வரலாறும் எமக்கு உண்டு. 1990களில் பாத் நகர மொரிஸ் மைனர் வியாபாரி சார்ல்ஸ் வெயார் இங்குள்ளவர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். எமது லேத் கடைகளுக்கும் கைவண்ணம் இருக்கிறது. புஷ்ஷும் வாஷரும் அவர்களிடம் செய்விக்கலாம். ஸ்டியரிங் கை, கிங் பின் போன்றவற்றைச் செய்விக்க வேண்டாம். அவற்றுக்குரிய உருக்கும் வெப்பப் பதமும் வேறு.

பூட்டிய மாற்றங்களைக் காப்புறுதியோ தகாபுலோ வழங்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து விடுங்கள். விபத்துக்குப் பின் சொல்வது பயன் தராது.

விற்பவர் மீதுள்ள பொறுப்பு

ஓடருக்கு எடுத்துக் கொடுக்கும் போது காரின் வருடம், பாரின் விட்டம், புஷ் வகை, ஒப்படைக்கும் திகதி எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். பணத்தை முழுதாக முன்கூட்டியே பெற்று, பொருளைத் தெளிவாக வரையறுத்து, குறித்த தவணையில் ஒப்படைக்கும் சலம் முறை இதற்குப் பொருத்தமானது. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் வழிகாட்டியிருப்பதை வியாபாரிகளுக்கு நாம் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தை வெளிப்படுத்திய நபி (ஸல்) அவர்களின் சம்பவம் நாம் அறிந்ததே. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். புதுப் பெயின்ட்டும் பளபளக்கும் ஸ்டபிலைசர் பாரும் பூட்டி, உள்ளே தேய்ந்த ட்ரனியனோடு ஒரு காரை விற்பதும் அதே வகைதான். தானியத்தில் வாங்கியவருக்குப் பண நட்டம். இங்கோ அவரும் மனைவி மக்களும் அதில் மலையிறங்கப் போகிறார்கள்.

"இது உங்களுக்குத் தேவையில்லை, முதலில் ட்ரனியனை மாற்றுங்கள்" என்று சொல்லும் கடைக்காரர் அன்று ஒரு பெரிய விற்பனையை இழப்பார். ஆனால் பதுளை சிறிய ஊர். குருத்தலாவையில் நடப்பது பண்டாரவளைக்குத் தெரிய ஒரு நாள் போதும். அந்தக் காரின் அடுத்த இருபது வருடப் புஷ்ஷும் டயரும் அவரது கடையிலேயே வாங்கப்படும். வாங்குவோரும், விலையைக் கேட்கும் முன் அளவுகோலை எடுத்து ஸ்டியரிங் ஆட்டத்தைப் பாருங்கள். 13 மில்லிமீற்றருக்கு மேல் ஆடும் காருக்கு இன்று வேண்டியது திருத்தம்தான்.